நல்லா வருவ, பேராண்டி!

வேலைய விட்டுட்டியாமில்ல! உங்கப்பன் நேத்து ராத்திரி போன்ல ஒரே பொலம்பல். நான்தான் அதட்டி வச்சேன். "ஏண்டா, நம்ம வம்சத்துல ஒருத்தனாச்சும் மலை மலையா ஏறிப் படம் புடிக்கட்டுமே, உனக்கென்னடா வகுத்தெரிச்சல்?"னு கேட்டேன். மாசம் ஒண்ணாந்தேதி ஆனா சம்பளம் வந்து விழுகுறதெல்லாம் ஒரு பொழப்பா? அதுல என்ன சாகசம் இருக்கு? இனிமே பாரு, போன மாசத்துப் பணம் இந்த மாசமாச்சும் வருமான்னு நெனைக்கிறப்பவே உனக்கு மூச்சு வாங்கும். அதுக்கு மலையே ஏற வேண்டாம்.

உங்க அப்பத்தாதான் வெவரமா ஒண்ணு கேட்டா: "பயலுக்கு இனிமே மொதலாளி யாரு?" "அவனைத் தவிர மத்த எல்லாரும்"னேன்.

கோவிச்சுக்காத. தாத்தன் காலமெல்லாம் பெரியகுளம் கோர்ட்டுல வக்கீல் குமாஸ்தாவா காகிதம் பொரட்டுனவன். எனக்குக் கேமரா தெரியாது. லென்ஸுன்னா என் மூக்குல தொங்குற கண்ணாடி மட்டுந்தான். ஆனா போடியில பொறந்து வளந்ததால மலை கொஞ்சம் தெரியும், காகிதம் நெறையத் தெரியும். உன் தொழிலுக்கு இந்த ரெண்டும்தான் வேணுங்கிறது என் கட்சி. கேமராவை நீ பாத்துக்க.

நீ அனுப்புன சாமான் பட்டியலைப் படிச்சேன். படிச்சுட்டு ஒரு சொம்பு தண்ணி குடிச்சேன். கேமரா ரெண்டு, லென்ஸு நாலு, ட்ரோன் ஒண்ணு, ஆடாம அசையாம புடிக்க ஒரு கிம்பல், அம்புட்டையும் தவணையில வாங்கப் போறியாம். பேஷ்! அதுல ஒரு பெரிய லென்ஸு வெலைக்கு ரெண்டு கறவ மாடு வாங்கலாம். மாடு பாலக் கறக்கும், லென்ஸு உன்னையக் கறக்கும். நீ தலையில வச்சு ஆடுறியே ஜிம்மி சின்னுன்னு ஒரு அமெரிக்காக்காரன், அவன் கதைய நீதான சொன்ன? மலைக் கிறுக்குல வருசக்கணக்கா கார்லயே குடியிருந்தவன். கூட்டாளியோட கேமராவை வாங்கி எடுத்த ஒத்தப் படம் 500 டாலருக்கு வெலபோக, அந்தக் காசுலதான் சொந்தக் கேமரா வாங்குனான். நீ அந்தக் கதையில கார்ல குடியிருந்ததை மட்டும் கெட்டியாப் புடிச்சுக்கிட்ட. படத்தை வித்த பெறகுதான் கேமரா வாங்குனாங்கிறது உன் காதுல விழுகல.

பெரிய லென்ஸு வேணுமா, வேல இருக்கிற அன்னைக்கு வாடகைக்கு எடு. அந்த வாடகையப் பார்ட்டி கணக்குல ஏத்து. சொந்தக் காசு போட்டுப் புதுசா வாங்கவேண்டியது பூட்ஸு, ஹெல்மெட்டு, கயிறு, இடுப்புல மாட்டுற ஹார்னஸ். இதுல எதையும் பழசுல வெல கொறச்சு வாங்கிறாத. முன்னால வச்சிருந்தவன் எத்தன தடவ அதுல விழுந்தான்னு கயிறு வாய் தொறந்து சொல்லாது.

அந்த ‘ஃப்ரீ சோலோ’ படத்தை லேப்டாப்புல போட்டுக் காட்டுனியே. 2017ல அலெக்ஸ் ஹானல்டுன்னு ஒரு பய, எல் கேப்பிட்டன் பாறையில சுமார் 3,000 அடியை, கயிறு கட்டாம நாலு மணி நேரத்துக்குள்ள ஏறிப்புட்டான். படத்துக்கு 2019ல ஆஸ்கரும் குடுத்துட்டாங்க. நீ ஏறுனவனைப் பாத்து வாயப் பொளந்துக்கிட்டு இருந்த. நான் பக்கத்துல கயித்துல தொங்குனவனுகளைப் பாத்துக்கிட்டு இருந்தேன். ஒவ்வொருத்தனும் மலையேறுறதுல கெட்டிக்காரன். தன்னால ஒரு சின்னக் கல்லு உருண்டாலும், கயிறு உரசிச் சத்தம் வந்தாலும் ஏறுறவன் சோலி முடிஞ்சுதுன்னு தெரிஞ்சே தொங்குறான். பாறையில ரொம்ப மோசமான எடத்துல ஆளே நிக்கல. தூரத்துல இருந்து முடுக்குற கேமராவை வச்சுட்டு ஒதுங்கிக்கிட்டாங்க. கீழ நின்ன கேமராக்காரன் ஒருத்தன் பாக்கப் பொறுக்காம மூஞ்சியத் திருப்பிக்கிட்டான். அவனுகள்ல ரெண்டு பேரு பேரைச் சொல்லு பாப்போம். தெரியாதுல்ல? அந்த வேலைக்குத்தான் நீ போற. சந்தோசம்.

ஏறுறவன் ஒருக்கா ஏறுவான். நீ அவனுக்கு முன்னாடியே ஏறி உக்காந்து, அவன் ஒன்னைத் தாண்டிப் போன பெறகு சாமானைக் கட்டி, சுத்துப் பாதையில ஓடி, மறுபடி அவனுக்கு முன்னால போய் நிக்கணும். அவன் கையை வீசிக்கிட்டு வருவான், உன் முதுகுல பதினஞ்சு கிலோ கெடக்கும். "அண்ணே, வெளிச்சம் வந்துருச்சு, இன்னொருக்கா நடந்து வாங்க"ன்னு நீ கெஞ்சணும். அவன் மொறைப்பான். அதுக்கும் சிரிக்கப் பழகிக்க. கேமராவைத் தூக்குற தெம்பு ஒரு பங்குன்னா, மூச்சு வாங்காம நிக்கிற தெம்பு மூணு பங்கு வேணும். மூச்சு வாங்குனா படம் ஆடும். ஜிம்முல போட்டோ எடுத்துப் போடுறதை விட்டுட்டு, முந்தல்ல இருந்து குரங்கணி ரோட்டுல மூட்டையோட நட.

படத்துல நீ இருக்கவும் மாட்ட. 1953 மே 29ல எவரெஸ்டு உச்சியில டென்சிங் நிக்கிற படத்தை உலகமே பாத்துருக்கு. எடுத்தது ஹிலாரி. உச்சியில ஹிலாரி நிக்கிற படம் ஒண்ணுகூடக் கெடையாது. அம்மாம் பெரிய ஆளுக்கே அந்தக் கதின்னா, இந்தச் சொக்கநாதன் பேரன் எம்மாத்திரம்?

சரி, காசுக்கு வருவோம். உனக்கு முன்னோடி ஒருத்தன் இருக்கான், ஜான் நோயல்னு. 1924ல மல்லோரி, இர்வின்னு ரெண்டு பேரு எவரெஸ்டுக்குப் போன கூட்டத்தோட இவனும் படம் எடுக்கப் போனான். கூலி வாங்கிட்டுப் போனான்னு நெனைக்கிறியா? 8,000 பவுன் இவன் குடுத்துட்டுப் போனான், படமெடுக்குற உரிமைக்கு! போன எடத்துல கதாநாயகன் ரெண்டு பேரும் மேகத்துக்குள்ள மறைஞ்சவங்க திரும்பி வரல. படத்துக்கு முடிவே இல்லாமப் போச்சு. போட்ட காசை எடுக்கணுமே? திபெத்து லாமாக்களைக் கூட்டிட்டுப் போய், படத்துக்கு முன்னால மேடையில ஆடவச்சான். திபெத்துக்காரன் சும்மா இருப்பானா? ‘எங்க சாமி காரியத்தை வேடிக்கை காட்டுறியா’ன்னு கதவைச் சாத்திட்டான். அடுத்த கூட்டம் எவரெஸ்டுக்குப் போக 1933 ஆச்சு. ஒரு கேமராக்காரன் காசுக்குப் பறந்ததுல மலையேறுறவன் அத்தனை பேரும் காத்துக் கெடந்தான்.

இதை எதுக்குச் சொல்றேன்னா, முதுவர் சனங்க குடியிருக்கிற முதுவாக்குடி போனா மொத வேலையா கேமராவை எடுத்து அந்தப் பொம்பளைங்க மூஞ்சிக்கு நேரா நீட்டாத. உக்காரு, பேசு, கேட்டுட்டு எடு. சாமான் தூக்கி வர்ற முதுவன் கூலியை அன்னைக்குச் சாயந்திரமே கையில குடு. "படத்துல உங்க பேரு போடுறோம்"னு அவனுக்குச் சொல்லாத. உனக்கு அந்த வார்த்தையச் சொல்றவனுகளைப் பத்தி இப்ப வர்றேன்.

நீ வாட்சப்புல அனுப்புனியே அந்த ஒப்பந்தக் காகிதம், நாலு பக்கம், அதைப் பிரிண்டு எடுத்து வச்சு பூதக்கண்ணாடியோட படிச்சேன். ரொம்ப நாள் கழிச்சு மனசுக்கு இதமா இருந்துச்சு. எழுதுனவன் கெட்டிக்காரன். மொதப் பக்கம் பூரா ஒன்னையப் புகழ்ந்துருக்கான்: நீ கலைஞனாம், கதைசொல்லியாம். ஒருத்தன் ஒப்பந்தத்துல உன்னையக் கலைஞன்னு எழுதுனாலே பையைத் தொட்டுப் பாத்துக்க. ரெண்டாம் பக்கத்துல எடுக்குற படம் பூராவும், வேண்டாம்னு கழிச்சதும் சேத்து, உலகம் முழுக்க, என்னென்னைக்கும், இனிமே கண்டுபுடிக்கப் போற சாதனங்கள்லயும் அவனுக்கே சொந்தமாம். இனிமே கண்டுபுடிக்கப் போறதுக்கும் இப்பவே பட்டா போட்டுட்டான்! மூணாம் பக்கத்துல அவன் திருப்திப்படுற வரைக்கும் நீ திருத்திக் குடுக்கணும், எத்தன தடவைன்னு கணக்கு இல்ல. அதே பக்கத்துல பொடி எழுத்துல, ரசீது குடுத்து 90 நாள் கழிச்சுப் பணம். நாலாம் பக்கம் கடைசி வரி: மலையில உனக்கு எது நடந்தாலும் அவனுக்குச் சம்பந்தமில்ல. கீழ நீ கையெழுத்துப் போட எடம் மட்டும் தாராளமா விட்டுருக்கான்.

இதுல ஒண்ணு தெரிஞ்சுக்க. எங்க தாத்தா சும்மா பயமுறுத்துறாருன்னு நெனைக்காத. 1957ம் வருசத்துப் பதிப்புரிமைச் சட்டம், 17ம் பிரிவு. படம் எடுத்தவன்தான் சொந்தக்காரன்னு ஆரம்பிக்கும். அதைப் படிச்சுட்டு நீ சந்தோசப்பட்டுக்கிட்டு இருக்கிறப்பவே அடுத்த வரியில காலை வாரும்: இன்னொருத்தன் காசு குடுத்து எடுக்கச் சொல்லி எடுத்த போட்டோவோ சினிமாவோ, வேற மாதிரி எழுதிக்கிடலைன்னா, காசு குடுத்தவன்தான் மொத சொந்தக்காரன். அதாவது பேராண்டி, நீ ஒண்ணுமே எழுதாம நம்பிக்கையில கை குலுக்கிட்டுப் போனாலும் படம் உன்னுது இல்ல. ‘உரிமை எடுத்தவனுக்கு, இந்த வேலைக்கு இத்தன வருசம் உபயோகிக்க மட்டும் அனுமதி’ன்னு ஒரு வரி எழுதி வாங்குனாத்தான் உன்னுது. அந்த ஒரு வரிக்கு உன் நாலு லென்ஸையும் குடுக்கலாம்.

நீயா உன் காசுல பஸ் ஏறிப் போய் எடுத்த படம் வேற. அது உன் சொத்து. அதை ஒருத்தன் உரிமையோட எழுதிக் கேட்டா 19ம் பிரிவைப் பாரு: எழுத்துல, கையெழுத்தோட இருக்கணும். எத்தன வருசத்துக்குன்னு எழுதலைன்னா அஞ்சு வருசந்தான். எந்த ஊருக்குன்னு எழுதலைன்னா இந்தியாவுக்குள்ளதான். அதனாலதான் அந்தக் கெட்டிக்காரன் ‘உலகம் முழுக்க, என்னென்னைக்கும்’னு மெனக்கெட்டு எழுதியிருக்கான். அவனுக்குச் சட்டம் தெரியும். உனக்குத்தான் ஷட்டர் ஸ்பீடு மட்டும் தெரியுது.

அப்புறம் அந்த 90 நாள். உதயம்னு ஒரு பதிவு இருக்கு, காசு கிடையாது, ஆன்லைன்லயே போடலாம். சேவைத் தொழில்னு உன் பேரைப் பதிஞ்சு வையி. 2006ம் வருசத்துச் சிறுதொழில் சட்டப்படி, பதிஞ்சவனுக்கு 45 நாளைக்கு மேல பாக்கி வைக்க முடியாது, ஒப்பந்தத்துல என்ன எழுதியிருந்தாலும் சரி. தாண்டுனா ரிசர்வ் பேங்கு வட்டி வீதத்தைப் போல மூணு மடங்கு, மாசாமாசம் கூட்டு வட்டி. இதை ரசீதுக்கு அடியில மரியாதையா ஒரு வரி எழுதி விடு. சண்டை போட வேண்டியதில்ல. அந்த வரியைப் பாத்தா அவன் கணக்குப்பிள்ளைக்கு ஞாபகசக்தி கூடும்.

"காசு இல்ல சார், ஆனா எங்க பக்கத்துல டேக் பண்ணுறோம், லட்சம் பேரு பாப்பாங்க"ன்னு ஒருத்தன் வருவான். தாராளமா ஒத்துக்க. ஒத்துக்கிட்டு நேரா பெட்ரோல் பங்குக்குப் போய், டேங்கை நெறப்பச் சொல்லிட்டு, "அண்ணே, டேக் பண்ணிவிடுறேன்"னு சொல்லிப் பாரு. அவன் என்ன சொல்றானோ அதை அப்படியே இவனுக்கு அனுப்பிவிடு.

இனி கொஞ்சம் சிரிப்பை ஓரமா வச்சுட்டுச் சொல்றேன். 2018 மார்ச் 11, குரங்கணி காட்டுத்தீ. அந்தப் புகையை இங்கிட்டு இருந்து கண்ணால பாத்தவன் நான். சென்னையில இருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்தும் மலையேற வந்த புள்ளைங்க. காஞ்ச புல்லு, காத்து, செங்குத்தான சரிவு. 23 உசுரு போச்சு. அனுமதி இல்லாத பாதை. கோடையில அந்த மலை எப்படிக் கெடக்கும்னு கீழ டீக்கடையில கேட்டிருந்தாலே சொல்லிருப்பாங்க. அதுக்குப் பெறகுதான் தமிழ்நாட்டுல மலையேற்றத்துக்கு விதிமுறையே ஒழுங்கா வந்துச்சு. 2024 அக்டோபர்ல வனத்துறையே 40 பாதையை அறிவிச்சு, ஆன்லைன்ல பதிஞ்சு, கூட வழிகாட்டியோட அனுப்புது. "அதெல்லாம் டூரிஸ்டுக்கு தாத்தா, நான் புரொபெஷனல்"னு நீ சொல்லுவன்னு தெரியும். நெருப்புக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

சரணாலயக் காட்டுக்குள்ள படம் எடுக்கப் போக 1972ம் வருசத்து வனவிலங்குச் சட்டப்படி வனத்துறை அனுமதி வேணும். நம்ம தலைக்கு மேல நிக்கிற மேகமலை 2021ல இருந்து ஸ்ரீவில்லிபுத்தூரோட சேந்து புலிகள் காப்பகம். சும்மா ‘வ்யூ பாயிண்டு’ இல்ல. ட்ரோன் 250 கிராமுக்கு மேல இருந்து, நீ காசுக்குப் பறக்கவிட்டா, ரிமோட் பைலட் சான்றிதழ் வேணும். அதைக் கையில வச்சுக்கிட்டாலும் காட்டுக்கு மேல விட வனத்துறை தனியா ஒத்துக்கணும். ஞாபகம் இருக்கா, 2023ல அரிக்கொம்பன் யானை கம்பம் டவுனுக்குள்ள வந்துச்சே? ஊரே வீட்டுக்குள்ள அடைஞ்சு கெடக்க, ஒரு புண்ணியவான் யானைக்கு மேல ட்ரோனை விட்டான். யானை மிரண்டு ஓடுச்சு, போலீஸு அவனைத் தூக்கிட்டுப் போச்சு. அந்தப் பய எடுத்த படம் நல்லா வந்துச்சான்னு யாரும் கேக்கல.

இன்சூரன்ஸு இருக்குன்னு சொன்ன. பாலிசியில ‘சாகச விளையாட்டு நீங்கலாக’ன்னு ஒரு வரி இருக்கும், தேடிப் படி. உன் தொழிலே நீங்கலாத்தான் இருக்கும். தனியா சேத்து வாங்கு.

குளுருல பேட்டரி சீக்கிரம் செத்துப்போகும், சட்டைக்குள்ள நெஞ்சோட வச்சுக்க. குளுருல இருந்து கூடாரத்துக்குள்ள வர்றப்ப கேமராவைப் பிளாஸ்டிக் பைக்குள்ள கட்டிக் கொண்டுவா, பை மேல வேர்க்கட்டும், லென்ஸுக்குள்ள வேர்க்க வேண்டாம். எடுத்ததை அன்னன்னைக்கே ரெண்டு எடத்துல நகல் எடு, ரெண்டையும் ஒரே பையில போடாத. இதெல்லாம் உனக்குத் தெரியும். தெரிஞ்சவன்தான் செய்யமாட்டான்னு சொல்லிவச்சேன்.

கல்யாணம் எடுக்கமாட்டேன்னு உங்கம்மாகிட்ட சொன்னியாமே? கௌரவக் கொறச்சலா? உங்க ஜிம்மி சின் கூட்டாளிகளோட மேருங்கிற சிகரத்துக்கு நம்ம கார்வால்ல 2008ல போனான். ஏழு நாள் சாப்பாட்டை வச்சுக்கிட்டு இருபது நாள் தொங்கிட்டு, உச்சிக்கு நூறு மீட்டர் கீழ இருந்து திரும்புனான். 2011ல மறுபடி போய் ஏறுனான். படம் வெளிய வந்தது 2015. இடையில இருக்கிற வருசமெல்லாம் சோறு திங்காமயா இருந்தான்? கம்பெனிக்காரனுக்கு விளம்பரப் படம் எடுத்துக் குடுத்துத்தான் மலைக்குப் போறான் எவனும்.

உனக்கு ஆண்டவன் பஞ்சாங்கத்தையே சாதகமா அமைச்சுக் குடுத்துருக்கான், நீ பாக்கமாட்டேங்குற. ஆடியில எவனும் கல்யாணம் வைக்கமாட்டான். நம்ம மலையில அப்ப மழையும் அட்டையும். ஆனா லடாக்கும் ஸ்பிதியும் மழை மறைவுல இருக்கு, அங்க அதுதான் சீசன். மார்கழியிலயும் முகூர்த்தம் இல்ல. அப்ப நம்ம கொடைக்கானல் பக்கம் பனி கொட்டி, வானம் தொடச்சுவிட்ட மாதிரி கெடக்கும். வைகாசி, ஆவணி, தையில கல்யாண மண்டபத்துல நில்லு. மண்டபத்துலயும் ஓடுற ஆளு பின்னாலதான் ஓடப்போற, சாப்பாடு மட்டும் இலை போட்டுக் கெடைக்கும்.

நம்ம ஊரு ஆளு ஒருத்தரைச் சொல்லவா? மா. கிருஷ்ணன். நாவல் எழுதுன அ. மாதவையா மகன். சந்தூர் சமஸ்தானத்துல வேல பாத்தவரு, அது போன பெறகு கடைசி வரைக்கும் யார்கிட்டயும் உத்தியோகத்துக்குப் போகல. கறுப்பு வெள்ளையில, யானை கிட்டயே நடந்து போய்ப் படம் எடுத்தவரு. கண்ட கண்ட பாகத்தையும் சேத்து அவரே ஒரு கேமராவைக் கட்டி, ‘சூப்பர் பாண்டரோசா’ன்னு பேரும் வச்சாரு. 1970ல பத்மஸ்ரீ. ஆனா அவரு கையில வேற ஒண்ணு இருந்துச்சு: ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில 1950ல ஆரம்பிச்ச பத்தி, 1996ல அவரு கண்ண மூடுற வரைக்கும் வந்துச்சு. நாப்பத்தாறு வருசம், தவறாம! யானை தெனமும் வராது. பத்தி தவறாம வரும். படம் எடுக்குறதோட எடுத்த எடத்தைப் பத்தி, அந்தச் செடி கொடியைப் பத்தி நாலு வரி தப்பில்லாம எழுதத் தெரிஞ்சவனைப் பத்திரிகைக்காரன் மறுபடி கூப்புடுவான். உனக்குத் தமிழ்ல எழுத்துப்பிழை இல்லாம ஒரு பக்கம் வருமா? மொதல்ல அதுக்கு ஒரு டியூசன் வையி.

ஊருக்கு வர்றப்ப அந்த நாலு பக்கத்தையும் கையெழுத்துப் போடாமக் கொண்டுவா. ரெண்டாம் பக்கத்தையும் நாலாம் பக்கத்தையும் நான் அடிச்சு எழுதித் தர்றேன். சொந்தப் பேரன்னு பாக்கமாட்டேன், எழுத்துக் கூலி உண்டு. அதுல பாதி, வேலையத் தொடங்குறதுக்கு முன்னாடியே என் கையில வந்துரணும்.